மலேசியத் தமிழ் நூல்களும் பொருள் தலைப்புச் சொற்களும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் அச்சு வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 1872ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளிவந்த முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் முனாஜாத்துத் திரட்டு தொடங்கி இன்று வரை கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை, சமய நூல், பாடநூல், சிறப்பு மலர் எனப் பல வகைகளில் இம்மண்ணில் தமிழ் நூல்கள் வெளிவந்துள்ளன. இவற்றைத் தொகுக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும் என்னும் குரல் நெடுங்காலமாக ஒலித்து வருகின்றது. தொகுத்த நூல்களை எந்தச் சொல்லால் தேடினால் கண்டெடுக்க இயலும் என்னும் வினாவோ நம்மிடையே அருகியே எழுந்துள்ளது.

நூலகப் பட்டியலில் ஒரு நூல் எதைப் பற்றியது என்பதைக் காட்டும் சொல்லைப் பொருள் தலைப்பு என்பர். ஒரே பொருளுக்கு ஒருவர் ஒரு சொல்லையும் மற்றொருவர் வேறொரு சொல்லையும் இட்டால் நூல்கள் சிதறிப் போகும். ஆகவே பொருள்தோறும் ஒரு சொல்லை ஏற்புச்சொல்லாகத் தெரிந்து, ஏனைய சொற்களை அதனை நோக்கிச் சுட்டும் சொற்களாக அமைத்து, சொற்களுக்கிடையே உள்ள உறவையும் பதிந்து வைப்பர். இவ்வாறு அமைந்த தொகுதியே கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி எனப்படும். மலேசியத் தமிழ் நூல்களுக்கு இத்தகைய சொற்றொகுதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. சொல்லைத் தெரிவு செய்யும் பணி வரலாற்று, இலக்கியத் தீர்ப்பை உள்ளடக்கியது. ஆதலின் நூலகருடன் தமிழாய்வாளரும் ஆசிரியரும் இப்பொறுப்பை ஏற்றல் வேண்டும் என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. முன்னோர் தொகுத்த பட்டியல்கள்

அச்சிட்ட தமிழ் நூல்களை வகைப்படுத்திய தொடக்க முயற்சிகளுள் சான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட பட்டியல் குறிப்பிடத்தக்கது. அப்பட்டியலில் சமய நூல்கள் முதலிடம் பெறுகின்றன. அவையும் கிறித்துவம், இந்து சமயம், இசுலாம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. மர்டாக் கிறித்துவ இலக்கியப் பணியில் ஈடுபட்டவர். எந்தச் சமயத்தார் எவற்றை அச்சிடுகின்றனர் என்று அறிவது அவருக்கு இன்றியமையாததாக இருந்தது. அவருடைய வகைப்பாடு அந்நோக்கத்திற்கு ஏற்பவே அமைந்தது. 1909இல் பார்னெட், போப் ஆகிய இருவரும் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்திற்கு ஆக்கிய தமிழ் நூற்பட்டியல், தொலைவில் உள்ள ஆய்வாளர் ஒரு குறிப்பிட்ட நூலை இனங்காண்பதற்கு உதவியது. ஒவ்வொரு பட்டியலும் ஒரு பயனாளரை மனத்திற் கொண்டே ஆக்கப்படுகின்றது என்பது இவற்றால் தெளிவாகும்.

மலேசியாவில் இப்பணி மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டியே வளர்ந்தது. இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகள், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்ற 1966ஆம் ஆண்டிலேயே தமிழியல் நூல்களுக்கான நோக்கீட்டு வழிகாட்டி ஒன்றை மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்டார். உலகத் தமிழாய்வாளருக்கு உதவுவது அந்நூலின் நோக்கம். மூன்றாண்டுகள் கழித்து, 1969இல், இராம சுப்பையா தொகுத்த தமிழ் மலேசியானா என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஒருசேரப் பதிந்த அத்தொகுப்பு, இந்நாட்டுத் தமிழ் நூல்களைத் தனியொரு தொகுதியாகக் காணும் நோக்கை நமக்கு அளித்தது. அதற்குப் பின் எழுந்த இலக்கிய வரலாறுகள் பலவும் அதற்குக் கடன்பட்டுள்ளன எனலாம்.

எனினும் அத்தொகுப்பின் எல்லையை இன்று மீளாய்வு செய்தல் வேண்டும். அதன் தலைப்பே சுட்டுவது போல், ஒரு நூல் எங்கு வெளியிடப்பட்டது என்பதே அதன் அளவுகோல். 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்வழி தேசிய நூலகத்திற்குச் சேரும் நூல்களும், 1967 முதல் வெளிவரத் தொடங்கிய தேசிய நூல்விவரப் பட்டியலும் இதே அளவுகோலையே கொண்டுள்ளன. ஆயின் மலேசிய எழுத்தாளர் பலர் தம் நூல்களைத் தமிழகத்தில் அச்சிட்டு வெளியிட்டுள்ளனர். இந்நாட்டு இரப்பர்த் தோட்டங்களைக் களமாகக் கொண்ட அகிலனின் பால்மரக் காட்டினிலே, இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியத் தமிழரைக் காட்டும் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி ஆகியன தமிழக எழுத்தாளரின் படைப்புகள். வெளியீட்டிடத்தை மட்டும் நோக்கும் பட்டியலில் இத்தகைய நூல்களுக்கு இடமில்லை. நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பே இவற்றை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்க வல்லது.

2. மொழியால் வகுத்தலும் நிலத்தால் தேடுதலும்

உலக நூலகங்களில் பரவலாக வழங்கும் டூயி தசமப் பகுப்புமுறை 1876இல் தோன்றியது. அம்முறையில் தமிழ் இலக்கியத்திற்கு 894.811 என்னும் எண் உரியது. கவிதைக்கு 894.8111, நாடகத்திற்கு 894.8112, புனைகதைக்கு 894.8113 என்று அது விரியும். இலக்கியத்தை நாட்டால் வகுக்காது, மூலமொழியால் வகுப்பதே அம்முறையின் நெறி. எனவே மதுரையில் எழுதப்பட்ட நாவலும் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட நாவலும் கிள்ளானில் எழுதப்பட்ட நாவலும் ஒரே எண்ணைப் பெறுகின்றன.

இதனைக் குறையென்று மட்டும் கூறிவிட இயலாது. தமிழ் இலக்கியம் நாடுகளைக் கடந்த ஒருமை உடையது என்னும் உண்மையை அந்த எண் காட்டுகின்றது. ஆயினும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரின் பாட்டன்மார் வாழ்ந்த தோட்ட வாழ்க்கையைச் சித்திரிக்கும் கதைகளைத் தேடும்பொழுது, அந்த எண் அவருக்குத் துணைசெய்வதில்லை. தமிழகத்தின் பெருந்தொகையான நூல்களுக்கிடையே மலேசிய நூல்கள் ஆசிரியர் பெயர் வரிசையில் கலந்து நிற்கின்றன. நாட்டைக் குறிக்கும் எழுத்தொன்றை எண்ணுக்கு முன் இட்டு வேறுபடுத்தும் விருப்பத் தெரிவை டூயி முறையே அனுமதிக்கின்றது. ஆயின் நூல் ஓர் அடுக்கில்தான் நிற்க முடியும். பட்டியலிலோ அதற்குப் பல வாயில்களை அமைக்கலாம். எண்ணை மாற்றுவதைக் காட்டிலும் பொருள் தலைப்பைச் செம்மைப்படுத்துவதே பயனுடையது என்பது நம் கருத்து.

முன்னர்க் குறிப்பிட்ட முனாஜாத்துத் திரட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதனைத் தமிழ்க் கவிதையென்று கருதினால் 894.8111இல் அடங்கும்; இசுலாமியப் பத்தி நூலென்று கருதினால் 297இல் அடங்கும். எந்த எண்ணை இட்டாலும் மற்றொரு நோக்கில் தேடுவார்க்கு அது தென்படாது. தமிழ்க் கவிதை, இசுலாமிய இலக்கியம், முனாஜாத்து, சிங்கப்பூர் என்னும் நான்கு தலைப்புகளையும் அதற்கு இட்டால் அந்நூலின் முழு இயல்பும் புலப்படும்.

3. பிறர் இட்ட பெயர்கள்

ஆங்கில வழியிலான பட்டியலாக்கத்தில் பெருவழக்காக உள்ளவை அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் பொருள் தலைப்புகளாகும். அந்நூலகத்திற்கு வந்து சேர்ந்த நூல்களைக் கொண்டு, அங்குள்ள வாசகர்களை நோக்கி அவை வளர்க்கப்பட்டன. அத்தொகுதியில் தமிழர் என்னும் இனத்திற்குரிய தலைப்பு, 'தமிழர் (இந்திய மக்களினம்)' என்று பொருள்படுமாறு அமைந்துள்ளது. இந்தியாவிலிருந்து பிற நாடுகளுக்குச் சென்றோரைக் குறிக்க 'கிழக்கிந்தியர்' என்று பொருள்படும் தலைப்பு நெடுங்காலம் வழங்கியது. மலேசிய இந்தியர் பற்றிய நூல்கள் பலவற்றின் பதிவுகளில் அதனைக் காணலாம். இந்நாட்டுத் தமிழர் எவரும் தம்மைக் கிழக்கிந்தியர் என்று அழைத்துக்கொள்வதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இரயில்வே பணிமனையை ஒட்டி வளர்ந்த அவ்வட்டாரத்தில், ஆங்கிலேயர் ஆட்சியில் எழுத்தராகவும் நிலைய அலுவலராகவும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத் தமிழர் பலர் குடியேறினர். ஸ்காட் சாலையிலுள்ள கந்தசுவாமி கோயில் அவர்களுடைய சைவ மரபின் அடையாளமாக இன்றும் விளங்குகின்றது. அச்சமூகத்தைப் பற்றிய ஒரு நூலுக்கு மேற்சொன்ன இரு தலைப்புகளில் எதனை இட்டாலும் பொருந்தாது. அவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர் அல்லர். மலேசியாவில் அவர்களை 'சிலோன் தமிழர்' என்றும் 'யாழ்ப்பாணத் தமிழர்' என்றும் 'இலங்கைத் தமிழர்' என்றும் குறிப்பிடுவர். இம்மூன்று பெயர்களையும் தொடர்புபடுத்தி ஓர் ஏற்புச்சொல்லின்கீழ்க் கொணர்வதே முறையாகும். ஒரே வட்டாரத்தில் வாழ்ந்த இரு தமிழ்ச் சமூகங்களின் வேறுபட்ட வரலாறுகளைப் பொதுத் தலைப்பு ஒன்று மறைத்துவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

பொருள் தலைப்புகள் நடுநிலையானவை என்னும் எண்ணத்தை நூலகவியலாரே நெடுநாள்களுக்கு முன் கேள்விக்குட்படுத்தினர். சான்போர்டு பெர்மன் என்னும் அமெரிக்க நூலகர் 1971இல் வெளியிட்ட நூலில், காங்கிரசு நூலகத் தலைப்புகளில் மக்களைப் பற்றிய முன்முடிவுகள் பொதிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். குடியேறியோரைச் சட்டவிரோத அந்நியர் என்று சுட்டிய தலைப்பைக் கைவிடுவதாக அந்நூலகம் 2021இல் அறிவித்தது. தலைப்புகள் மனிதரால் ஆக்கப்பட்டவை, மாற்றத்திற்கு உரியவை என்பது இதனால் பெறப்படும். மாற்றம் வேண்டுவோர் தம் சொற்களை முறையாக முன்வைத்தல் வேண்டும் என்பதும் உடன் பெறப்படும்.

அயலார் இட்ட பெயர்களை மட்டும் குறைகூறி நாம் அமைந்துவிடலாகாது. தமிழுக்குள்ளும் இச்சிக்கல் உண்டு. தமிழகத்தில் மலேசியத் தமிழ் இலக்கியத்தை 'அயலகத் தமிழ் இலக்கியம்' என்றும் 'புலம்பெயர்ந்தோர் இலக்கியம்' என்றும் வகைப்படுத்துவது வழக்கம். 'புலம்பெயர் இலக்கியம்' என்னும் தொடரோ 1983க்குப் பின் ஈழத்தை விட்டு வெளியேறியோரின் எழுத்தைக் குறிக்கும் பெயராக இன்று நிலைபெற்றுவிட்டது. இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணையே தாயகமாகக் கொண்டு நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் எழுதும் படைப்பை அத்தலைப்பில் அடக்குவது பொருந்தாது. அயலகம் என்பது எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது; கிள்ளானில் இருந்து நோக்கும் வாசகருக்குக் கிள்ளான் அயலகம் ஆகாது. 'மலேசியத் தமிழ் இலக்கியம்' என்பதே இங்கு ஏற்புச்சொல்லாக அமைதல் வேண்டும். மலேசியா என்னும் நாடு 1963இல் தோன்றியது ஆதலின், அதற்கு முற்பட்ட ஆக்கங்களுக்கு 'மலாயாத் தமிழ் இலக்கியம்' என்னும் பெயரையும் தொடர்புச் சொல்லாகப் பதிதல் தகும்.

4. நிகண்டு மரபும் நூலகச் சொற்றொகுதியும்

கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி என்னும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. பல சொல் ஒரு பொருளைக் குறித்தலும் ஒரு சொல் பல பொருளைக் குறித்தலும் தொல்காப்பிய உரியியலில் பேசப்படுகின்றன. திவாகரமும் சூடாமணி நிகண்டும் பன்னிரு தொகுதிகளாக அமைந்தவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் முதலாகத் தொடங்கும் முதற் பத்துத் தொகுதிகள், பொருள்களை வகைப்படுத்தி ஒவ்வொன்றிற்கும் உரிய பல பெயர்களைத் தருகின்றன. பதினொன்றாம் தொகுதி ஒருசொற் பல்பொருளைத் தருகின்றது. பன்னிரண்டாம் தொகுதி, பலவற்றின் கூட்டத்திற்கு வழங்கும் ஒரு பெயரையும் அதனுள் அடங்குவனவற்றையும் தருகின்றது. இக்கால நூலகவியலார் ஒருபொருட் பன்மொழியைத் தொகுத்தல், பலபொருள் ஒருமொழியைப் பிரித்துக் காட்டல், விரிந்த பொருளுக்கும் அதில் அடங்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பதிதல் என்று கூறும் முப்பணிகளும் இவற்றுள் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் கூடாது. நிகண்டு செய்யுள் இயற்றுவோர்க்கும் கற்போர்க்கும் பயன்பட எழுந்தது. அதில் ஒரு பொருளுக்குரிய பெயர்கள் யாவும் சம உரிமை உடையன. நூலகச் சொற்றொகுதியோ அவற்றுள் ஒன்றை ஏற்றுப் பிறவற்றைச் சுட்டுநிலையில் நிறுத்துகின்றது. மரபு நமக்கு வகைப்படுத்தும் முறையைத் தருகின்றது. எந்தச் சொல்லை ஏற்பது என்னும் முடிவை நாமே எடுத்தல் வேண்டும்.

மலேசியத் தமிழில் பலபொருள் ஒருமொழிகள் மிகுதி. 'தோட்டம்' என்னும் சொல் தமிழகத்தில் பெரும்பாலும் வீட்டையொட்டிய பூந்தோட்டத்தையோ காய்கறித் தோட்டத்தையோ குறிக்கும். இங்கு அது இரப்பர், செம்பனை விளையும் பெருந்தோட்டத்தையும் அதனுள் அமைந்த குடியிருப்பையும் ஒருங்கே குறிக்கும். 'லயம்' என்பது இசை நூலில் காலக்கணக்கையும் மலேசிய நாவலில் தொழிலாளர் வரிசை வீடுகளையும் குறிக்கும். 'கம்பம்' தமிழகத்தில் தூண், ஊர்ப்பெயர், தானியம் எனப் பல பொருள் தரும். மலேசியத் தமிழில் மலாய்ச் சிற்றூரைக் குறிக்கும். 'பால்மரம்' இரப்பர் மரத்தின் பெயர். 'துண்டாடல்' என்பது 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் சிறு பகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டமையைச் சுட்டும் வரலாற்றுச் சொல். அதனால் வேலையையும் வீட்டையும் இழக்க நேர்ந்த தொழிலாளரை முன்னிட்டே துன் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இச்சொல்லுக்கு ஈடாக 'நிலப் பிரிவினை' என்று ஒரு பொதுத் தலைப்பை இட்டால், குடும்பச் சொத்துப் பிரிவினை நூல்களுக்கிடையே அவ்வரலாறு மறைந்துபோகும்.

தலைப்பாக்கம் வரலாற்றுத் தெளிவையும் வேண்டுவது. 'சஞ்சி' என்பது ஒப்பந்தம் எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லின்வழி வந்தது. 'சஞ்சிக் கூலி' என்பது ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டு வந்த தொழிலாளரைக் குறிக்கும். இம்முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணிவழி ஆள்சேர்க்கும் முறை வேறானது. தொழிலாளரை அனுப்புவதற்கு இந்திய அரசு 1938இல் விதித்த தடையோடு அது முடிவுற்றது. இரண்டையும் 'ஒப்பந்தக் கூலிகள்' என்னும் ஒரே தலைப்பில் இடுவது வரலாற்றுப் பிழையாகும். 'கூலி' என்னும் சொல் இழிவுக்குறிப்பு ஏற்றதாதலின் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்பதை ஏற்புச்சொல்லாகக் கொள்ளலாம். ஆயின் பழைய சொல்லை முற்றாக விலக்கினால் அச்சொல்லையே ஆளும் மூல ஆவணங்களைத் தேடுவோர் அவற்றை அடைய இயலாது. 'சஞ்சிக் கூலி' சுட்டுச் சொல்லாக நிலைபெற வேண்டும். இரு முறைகளின் கால எல்லையை விளக்கும் குறிப்பும் உடன் இடம்பெற வேண்டும்.

5. ஒரு சோதனை: கிள்ளான், 1941

மேற்கூறியவற்றை ஒரு நிகழ்ச்சியில் பொருத்திப் பார்ப்பது பயன்தரும். 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், தோட்டங்களில் கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் முதலியன அவர்தம் கோரிக்கைகள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சார்ந்தவரும் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவருமான ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர்; தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சி பற்றிய நூல்களுக்கு எத்தலைப்பை இடுவது? குடியேற்ற ஆட்சியினரின் பார்வையில் இது 'கலவரம்'. தொழிற்சங்க வரலாற்றில் இது 'வேலைநிறுத்தம்'. தேசிய இயக்கப் பார்வையில் இது 'எழுச்சி'. மூன்று சொற்களும் மூன்று தீர்ப்புகள். பட்டியலாளர் ஒருவர் 'கலவரம்' என்று இட்டுவிட்டால், தொழிலாளரின் கோரிக்கை பட்டியலின் முதல் நிலையிலேயே நீங்கிவிடுகின்றது. 'எழுச்சி' என்று இட்டால் ஆய்வாளர் ஆராய்ந்து எய்த வேண்டிய முடிவைப் பட்டியல் முன்கூட்டியே கூறிவிடுகின்றது. தொழிலாளர் செய்த செயலை உள்ளவாறு கூறும் 'வேலைநிறுத்தம்' என்பதே ஏற்புச்சொல்லாகத் தகும். ஏனைய இரண்டும் சுட்டுச் சொற்களாக அமைய, எச்சொல்லால் தேடுபவரும் ஒரே இடத்தை அடைவர்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இங்குத் துணைபுரியும். ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பகுத்து மீளச் சேர்ப்பது அவர்தம் முறை. அவர் வகுத்த ஆளுமை, பருப்பொருள், செயல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைகளில் இந்நிகழ்ச்சியைப் பொருத்தினால், தோட்டத் தொழிலாளர், இரப்பர், வேலைநிறுத்தம், கிள்ளான், 1941 எனப் பகுக்கலாம். இவ்வாறு பகுத்து வைத்தால், கிள்ளானின் வட்டார வரலாற்றைத் தேடுபவரும் தொழிற்சங்க வரலாற்றைத் தேடுபவரும் போருக்கு முற்பட்ட மலாயாவைத் தேடுபவரும் தத்தம் வழியில் அதே நூலை அடைய இயலும்.

இடப்பெயரும் கட்டுப்பாட்டை வேண்டுவதே. கிள்ளான், கிளாங் என்று ஊர்ப்பெயர் இருவகையாக எழுதப்படுகின்றது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பழைய நூல்கள் குறிக்கும் துறைமுகமே இன்றைய போர்ட் கிள்ளான். பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று ஜாலான் துன் சம்பந்தன். கோலாலம்பூர், கோலாலும்பூர், குவாலா லும்பூர் ஆகிய வடிவங்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இரப்பர், ரப்பர்; இரயில், ரயில்; தமிழ்ப்பள்ளி, தமிழ்ப் பள்ளி என்பனபோன்ற எழுத்து வேறுபாடுகளும் கணினித் தேடலில் நூல்களைப் பிரித்துவிடுகின்றன. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் அலுவல்முறைப் பெயரில் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல்லே இடம்பெறுவதால், அதனையும் 'தோட்டம்' என்பதோடு இணைத்தல் வேண்டும். பன்மொழி நாட்டில் தமிழ்ச் சொற்றொகுதி தனித்து நிற்றல் இயலாது.

6. புனைகதைக்குப் பொருள் தலைப்பு

பல பட்டியல்களில் நாவல் என்றால் 'தமிழ் நாவல்' என்னும் வடிவத் தலைப்போடு பதிவு முடிந்துவிடுகின்றது. கதை எதைப் பற்றியது என்பது பதியப்படுவதில்லை. மலேசியத் தமிழைப் பொறுத்தவரை இது பெரும் இழப்பாகும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர் பெருந்தொகையினராக மாண்டனர். இந்நிகழ்ச்சியைத் தமிழில் நெஞ்சில் நிறுத்தியவை ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச்சின்னம் போன்ற நாவல்களாகும். ஆங்கிலத்தில் போர்க்கைதிகளின் நினைவுக்குறிப்புகள் ஏராளமாக உள்ளன. தமிழ்த் தொழிலாளரின் பட்டறிவை அறிய விழைவோர்க்கு இந்நாவல்கள் இன்றியமையாதன. பொருள் தலைப்பு இன்மையால், மரண இரயிலைப் பற்றித் தேடும் மாணவர் வரலாற்று நூல்களை மட்டுமே காண்கின்றார். 'சயாம்–பர்மா இரயில்பாதை – புனைகதை' என்னும் ஒரு தலைப்பு இக்குறையை நீக்கும்.

சிறப்பு மலர்களின் நிலையும் இத்தகையதே. கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், மாநாட்டு மலர் ஆகியவற்றில் வேறெங்கும் கிடைக்காத வட்டார வரலாற்றுக் கட்டுரைகள் உள்ளன. பட்டியலில் மலரின் பெயர் மட்டும் பதிவாகின்றது. உள்ளிருக்கும் கட்டுரை புலப்படுவதில்லை. இவற்றுக்குக் கட்டுரைதோறும் பகுப்புப் பதிவு அமைத்தல் வேண்டும்.

7. எழக்கூடிய மறுப்புகள்

உலகப் பொதுவான தலைப்புகளை விடுத்து நாம் தனியொரு தொகுதி அமைத்தால் நூலகங்களுக்கிடையே பதிவுப் பரிமாற்றம் தடைப்படும் என்று கூறலாம். இம்மறுப்பு பொருட்படுத்தத்தக்கது. நாம் வேண்டுவது பொதுத் தலைப்பை நீக்குதல் அன்று. அதனோடு தமிழ்ச் சொல்லை இணைத்தல். ஐ.எஸ்.ஓ. 25964 என்னும் பன்னாட்டுத் தரம் பன்மொழிச் சொற்றொகுதிகளை அமைக்கவும் ஒன்றோடொன்று பொருத்தவும் வழிவகுத்துள்ளது. ஒரு பதிவில் இருவகைத் தலைப்புகளும் இடம்பெறலாம்.

முழுப் பாடத்தையும் கணினியில் தேடும் வசதியும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட நிலையில் பொருள் தலைப்பு எதற்கு என்றும் வினவலாம். எண்ணிம வடிவம் பெறாத நூலில் எக்கணினியும் தேட இயலாது. எண்ணிம வடிவம் பெற்ற நூலிலும் 'கிளாங்' என்று அச்சான சொல், 'கிள்ளான்' என்று தேடுவோர்க்குக் கிடைக்க அவ்விரண்டும் ஒன்றே என்னும் செய்தி எங்கேனும் பதியப்பட்டிருத்தல் வேண்டும். கருவிகள் நாம் தொகுத்த அறிவைக் கொண்டே இயங்குகின்றன. மலேசியத் தமிழ் பற்றிய அறிவை நாம் தொகுக்காவிடில், தமிழகப் பொருளே எங்கும் முதற்பொருளாகக் கொள்ளப்படும்.

ஏற்புச்சொல்லை யார் முடிவு செய்வது என்பது மூன்றாம் வினா. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டு வரும் நூல்தேட்டம் தொகுதிகளும், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் நூலகரும் ஆர்வலரும் இணைந்தால் பெரும்பணி இயலும் என்பதைக் காட்டுகின்றன. சொல் தெரிவுக்கு அத்துடன் துறைசார் புலமையும் வேண்டும். 'துண்டாடல்' என்னும் சொல்லின் வரலாற்றை அறிந்தவர் அதனைத் தலைப்பாக முன்மொழிய வேண்டும். அதனைப் பட்டியலின் நெறிக்கு ஏற்ப வடிவமைப்பவர் நூலகர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மலேசியத் தமிழ் நூல்கள் மூவகையில் சிதறிக் கிடக்கின்றன என்பது தெளிவாகும். வெளியீட்டிடத்தை அளவுகோலாகக் கொண்ட பட்டியல்கள் சிலவற்றை வெளியே நிறுத்துகின்றன. மொழியை அளவுகோலாகக் கொண்ட பகுப்பு பிறவற்றைக் கலந்துவிடுகின்றது. பொருந்தாத தலைப்பும் தலைப்பின்மையும் எஞ்சியவற்றை மறைக்கின்றன. இம்மூன்றையும் சீர்செய்ய வல்லது, இம்மக்கள் வழங்கும் சொற்களை அடிப்படையாகக் கொண்ட பொருள் தலைப்புத் தொகுதியே.

அதனைப் பெருந்திட்டமாகத் தொடங்க வேண்டுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு ஒன்றை மட்டும் எல்லையாகக் கொண்டு, தோட்டம், தொழில், குடியேற்றம், கல்வி, சமயம், இடப்பெயர் ஆகிய ஆறு பிரிவுகளில் முதற்கட்டமாகச் சில நூறு சொற்களைத் தொகுக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்புச்சொல், சுட்டுச் சொற்கள், விரிந்த பொருள், அடங்கிய பொருள், தொடர்புடைய பொருள், கால இட எல்லையைக் கூறும் குறிப்பு, மலாய், ஆங்கில நிகரன் ஆகியவற்றைப் பதியலாம். இளங்கலை மாணவரின் ஆய்வேடுகளுக்கு இது தக்க பொருளாகும். ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் தத்தம் வட்டாரச் சொற்களை வழங்கினால் அத்தொகுதி நிறைவு பெறும்.

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. லயம், கிராணி, துண்டாடல் முதலிய சொற்களைத் தம் வாழ்விற் கேட்டு அறிந்த தலைமுறையும் குறைந்து வருகின்றது. இச்சொற்களின் பொருளை ஐயமின்றிக் கூறவல்லோர் நம்மிடையே இருக்கும்பொழுதே இப்பணியைத் தொடங்குதல் நம் கடமையாகும்.